கோழித்தீனிச் சோளமும் கோஸ் இலையும்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவருடைய கால் சுண்டுவிரலால்தான் தெரியவந்தது. பால்வாளி விழுந்து பட்ட சின்னக் காயம். ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகியும் ஈரம் காயவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் காயத்துக்குக் கட்டுப்போடுவது, மருந்து கொடுப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் டிரெசர் ஒருவர்தான். அவர் ஒருநாள் சந்தேகப்பட்டு, இவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஏதோ நீல மருந்தோடு சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"நீலமாவே இருந்தா ஒண்ணுமில்ல. பச்சைன்னா பரவால்ல. இது செவப்பு," என்றார் டிரெசர். "சோத்தக் கொறைக்கணும். இல்லன்னா மொதல்ல வெரலு போவும். அப்பறம் பாதம் போவும்."

என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்தாறு வயது. பால்மரம் சீவுகிறவர். விடிந்ததும் போனால் மத்தியானம் வரை மரத்துக்கு மரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கால் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வரிசையில் தோட்டம் கொடுத்த வீடு போகும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குக் கணக்குச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நாலு பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனுஷன், கட்டையை ஊன்றிக்கொண்டு வருவதை நினைத்தேன். எப்படியாவது அந்தக் காலைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

அது மலாயாவில் அவசரகாலம். கோலசிலாங்கூரிலிருந்து அசாம் ஜாவா போகிற வழியில் எங்கள் தோட்டம். காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்டிருந்தார்கள். வாசலில் ஸ்பெசல் கான்ஸ்டபிள்கள் நிற்பார்கள். வேலைக்குப் போகும்போது வெறும் தேத்தண்ணி கொண்டுபோகலாம். அதில் சீனி இருக்கக்கூடாது. ஒரு கவளம் சோறு மடியில் இருந்தாலும் வம்புதான். அரிசி கார்டுக்குத்தான் கிடைக்கும். கடையில் சார்டின் மீன் டின் வாங்கினால், கடைக்கார பாய் ஆணியால் ரெண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். அன்றைக்கே திறந்து தின்றுவிட வேண்டும், பதுக்க முடியாது. ஊரெல்லாம் சோற்றுக்கு அலைந்த காலத்தில், என் வீட்டில் மட்டும் சோறு விஷமாகிவிட்டது.

விஷம் என்று சொன்னால் அவர் கேட்க வேண்டுமே. கேழ்வரகுக் களி கிண்டினேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கோதுமை தோசை சுட்டேன். "காய்ச்சக்காரனுக்குக் குடுக்கறதயெல்லாம் எனக்கு ஏன் புள்ள குடுக்கற?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள் என்று டிரெசர் சொல்லிப் பார்த்தார். அங்கே போய்ப் படுத்தவர்கள் விரலோடு திரும்பி வந்ததில்லை என்று யாரோ இவர் காதில் ஓதியிருந்தார்கள். போகமாட்டேன் என்று அடம். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அப்போது துரை பங்களாவில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். துரைக்குப் புதிதாகக் கல்யாணமாகி, துரையம்மா வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வயதில் என்னைவிடச் சின்னவள். அதனால் இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன். அன்றைக்கு நேரில் 'மேம்'தான். அவள் பேசியது அரைகுறை மலாய், நான் பேசியது அதைவிட அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து வேலை நன்றாகவே நடந்தது.

அவள் வெள்ளைக்காரிதான், ஆனால் சீமையில் வளர்ந்தவள் இல்லை. அவளுடைய அப்பா மெக்சிகோ என்ற தேசத்தில் ஏதோ சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்தவர். பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். மெக்சிகோ என்பது லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் துரையின் உலகப்படப் புத்தகத்தைப் பிரித்து, உலகத்தின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

ஒருநாள் நான் பின்கட்டில் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். அம்மியைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு அப்படியே தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வீட்டில் வேலை செய்த பெண் இதே மாதிரிக் கல்லில்தான் அரைப்பாளாம், ஆனால் காரம் இல்லை, சோளமாம். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுக் குழவியைப் பிடித்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் விரலை நசுக்கிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். வீட்டு நினைப்பு வந்துவிட்டது, பாவம். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

மறுநாளே சோளம் வேண்டும் என்றாள். பங்களாக் கோழிகளுக்கு மூட்டையாகக் காய்ந்த மக்காச்சோளம் வரும். அதில் ஒரு படி அளந்து கழுவினேன். அடுத்து அவள் கேட்டதுதான் வேடிக்கை. சுண்ணாம்பு வேண்டுமாம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு. சுவருக்கு அடிப்பதையும் வாயில் போடுவதையும் கேட்டிருக்கிறேன், உலையில் போடுவதை எங்கே கேட்டேன்! வெயில் ஒத்துக்கொள்ளாமல் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். என் வெற்றிலைத் தட்டிலிருந்து அவளே பாக்களவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துச் சோளத்தின் தலையில் ஊற்றினாள்.

வெந்த பிறகு அதே தண்ணீரில் மறுநாள் காலை வரை ஊறவிட்டோம். பிறகு கையால் பிசைந்து கழுவினால் சோளத்தின் தோல் தானாகக் கழன்று வருகிறது. வழவழப்புப் போகும்வரை நாலைந்து தண்ணீர் மாற்ற வேண்டும். அதை அம்மியில் கெட்டியாக அரைத்தால் மாவு ஒட்டாமல், உதிராமல், சொன்னபடி கேட்கிறது. சுண்ணாம்பு போடாத சோளமாவு அப்படி நிற்காது, பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் தடவிய வாழை இலைத் துண்டு இரண்டுக்கு நடுவில் உருண்டையை வைத்து உள்ளங்கையால் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போட வேண்டும். எண்ணெய் கூடாது. மூன்றாவது தரம் திருப்பும்போது ரொட்டி நடுவில் எழும்பும். அதுதான் பதம்.

தொட்டுக்கொள்ள அவள் சொன்னவை எல்லாம் சுலபம். தட்டைப்பயறை வேகவைத்து மசித்து, வெங்காயம் தாளித்த சட்டியில் போட்டுச் சுண்டக் கிளறுவது ஒன்று. அவர்கள் பன்றிக் கொழுப்பில் கிளறுவார்களாம், நான் தேங்காய் எண்ணெய்தான் விட்டேன். தக்காளியையும் பச்சைமிளகாயையும் நெருப்பில் சுட்டு, வெங்காயத்தோடு அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, உப்புப் போட்டு எலுமிச்சை பிழிவது இன்னொன்று. பங்களாத் தோட்டத்தில் வெண்ணெய்ப்பழ மரம் ஒன்று இருந்தது. அந்தப் பழத்தை வௌவால்தான் தின்னும், நாங்கள் திரும்பிப் பார்த்ததில்லை. அதை மசித்து அவள் உப்பும் மிளகாயும் போட்டபோது, "பழத்துக்கு உப்பா!" என்று வாய்விட்டுச் சிரித்தேன். தின்று பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். ரொட்டி வேண்டும் வேண்டும் என்று துடித்தவள், ஒன்றே ஒன்றுதான் சாப்பிட்டாள். அதன் பிறகு பயறு, முட்டை, தக்காளி எல்லாவற்றையும் கோஸ் இலையில் வைத்துச் சுருட்டிக் கடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு இடுப்பைப் பிடித்துக் காட்டினாள். கிளப்பில் நடக்கிற ஆட்டத்துக்குத் தைத்த கவுன் போடமுடியாமல் போய்விடுமாம். ரொட்டி தின்றால் உடம்பு ஏறும், இலை தின்றால் ஏறாது. ஒரு மூட்டை சோளத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டிபோல் இலை தின்கிறாளே என்று எனக்கு ஒரே கேலி. அவள் சொன்னதை அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் யோசித்தது வேறு. இவருக்குச் சோற்றுக்குப் பதில் போட ஒரு பண்டம் கிடைத்துவிட்டது! பங்களாச் சோளத்தில் கொஞ்சம் கேட்டேன். கோழிக்குப் போடுவதைத் தாராளமாக எடுத்துக்கொள் என்றாள். அன்று மத்தியானம் சூடாக நாலு ரொட்டியும் பயறும் சுட்ட தக்காளியும் வைத்தேன். அவர் மோந்து பார்த்தார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். ஒன்றும் சொல்லாமல் நாலையும் தின்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு சுட்டுப் போட்டேன். அதையும் தின்றார். மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் பத்து. பங்களாவிலிருந்து ஓடிவந்து சுடச்சுடத் தட்டிப் போட்டுவிட்டு, அவர் எதிரிலேயே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு ரொட்டி உள்ளே போகும்போதும் அந்தக் காலில் ஒரு சுற்று புண் ஆறுவதாக எனக்கு நினைப்பு.

சோற்றை மட்டும் கண்ணில் காட்டவில்லை. அவருடைய பங்கு அரிசியை வீட்டில் வைத்திருந்தால்தானே ஆசை வரும் என்று, அதை அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு நாலு பிள்ளைகள். கார்டு அரிசி அவளுக்கு ஒருநாளும் போதியதில்லை. "சாமியா வந்தீங்கக்கா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பங்களாச் சோளத்தையே நம்பியிருக்கக் கூடாது என்று லயத்துக்குப் பின்னால் நானே விதையும் போட்டேன். மண் நல்ல மண். இரண்டு மாதத்தில் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அப்போதுதான் ரோந்து வந்த சார்ஜன்ட் கண்ணில் பட்டது. வேலிப்பக்கத்தில் இடுப்புக்கு மேல் எதுவும் வளரக்கூடாதாம், உள்ளே ஆள் ஒளிந்துகொண்டால் தெரியாதாம். நாளைக்குள் வெட்டு என்றார்.

"என் வீட்டுக்காரரு காலு இதுலதான் இருக்கு. வெட்டணும்னா மொதல்ல என்ன வெட்டுங்க லா," என்று தமிழும் மலாயும் கலந்து கத்தினேன். சார்ஜன்ட் மிரண்டுவிட்டார். துப்பாக்கி அவரிடம் இருந்தது, ஆனால் அவர்தான் இரண்டடி பின்னால் போனார். நான் நேரே பங்களாவுக்கு ஓடித் துரையம்மாவிடம் அழுதேன். அவள் துரையிடம் சொல்ல, துரை சார்ஜன்டிடம் சொல்ல, கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. இடுப்பு வரைக்கும் இலையை உரித்துவிட வேண்டும், கதிர் முற்றியதும் வெட்டிவிட வேண்டும். லயமே என்னை அதிசயமாகப் பார்த்தது. எனக்கும் நடையில் கொஞ்சம் மிடுக்கு ஏறியது.

ஆனால் குழாய் மாறவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை டிரெசர் விளக்கில் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் அதே செங்கல் நிறம். காயம் ஆறாததோடு, விரலின் நுனி கறுக்கத் தொடங்கியது.

அப்போது என் புத்தி எங்கே போயிற்று என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இவர் எங்கோ திருட்டுத்தனமாகச் சோறு தின்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் அரிசி இல்லை. வெளியே கொண்டுபோக முடியாது. பிறகு எங்கே? நான் அரிசி கொடுத்த வீட்டில்தான்! நான் பங்களாவில் இருக்கும் நேரத்தில் அவள் இவருக்குச் சோறு ஆக்கிப் போடுகிறாள். இப்படி நினைத்த பிறகு, அவள் இவரை 'அண்ணே' என்று கூப்பிடுவதே எனக்குக் குற்றமாகப் பட்டது.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர்ப் பைப்படியில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இவர் வேலை முடிந்து நொண்டிக்கொண்டே வந்தவர் அவளோடு ஏதோ பேசிக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆத்திரம். லயமே கேட்கும்படி வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். என் அரிசியை வாங்கி என் புருஷனுக்கே போட்டு அவர் காலை வாங்கப் பார்க்கிறாள் என்றேன். அதோடு நிறுத்தினேனா? இவர் பக்கம் திரும்பி, "கையக் காட்டுங்க, மோந்து பாக்கறேன்," என்றேன்.

பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார்.

மோந்து பார்த்தேன். ரப்பர் பால் நாற்றம்தான் அடித்தது. அதற்கும் நான் அடங்கவில்லை, கழுவிவிட்டார் என்று சொன்னேன். அவர் வீட்டுக்குள் போய்விட்டார். அடுத்த வீட்டுக்காரிதான் பேசினாள். அவள் குரல்கூட உயரவில்லை.

"எம்புள்ளைங்க ஒங்க அரிசியத் தின்னுது. அதுல ஒரு பருக்க நான் அண்ணனுக்குக் குடுப்பனாக்கா? அவருக்கு அது வெஷம்னு நீங்கதான சொன்னீங்க?"

களைந்த அரிசியை அப்படியே கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை டிரெசரிடம் நானும் கூடப் போனேன். இவரைப் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் போனேன். குழாய் சிவந்ததும், "ஐயா, இவரு எங்கயோ சோறு திங்கறாரு, நீங்களே கேளுங்க," என்றேன்.

டிரெசர் அவரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"காலைல என்னம்மா சாப்புட்டாரு?"

"ஒண்ணும் சாப்புடலீங்க ஐயா."

"ஒண்ணுமே?"

"ரொட்டிதான். சோள ரொட்டி."

"எத்தன?"

"ஆறு... ஏழு இருக்கும்."

"நேத்து மத்தியானம்?"

"பத்து."

"ராத்திரி?"

"அதேதாங்க ஐயா. சோறு ஒரு வாய் குடுக்கல, சத்தியமா."

டிரெசர் குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, சோளம் என்ன கல்லா மண்ணா? அரிசி, கோதும, சோளம், மரவள்ளி எல்லாம் ஒரே குடும்பந்தான். உள்ள போனா எல்லாம் சக்கரதான். நீ ஒருபக்கம் கதவச் சாத்திட்டு, இன்னொருபக்கம் ரெண்டு கதவத் தொறந்து விட்டிருக்க."

வெள்ளிக்கிழமை விரதம் என்று சோற்றைத் தொடாமல் பத்து இட்லி தின்றுவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் சாப்புடல" என்று சொல்கிற கூட்டம் நாங்கள். சோறு இலையில் விழுந்தால்தான் சாப்பிட்டதாக அர்த்தம். இட்லி, தோசை, ரொட்டி எல்லாம் கணக்கிலேயே வராது. பலகாரம். சோற்றைக் குறை என்று டிரெசர் சொன்னதை நான் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். அவருக்கும் எங்களைப் பற்றித் தெரியாதா? முதலிலேயே விளக்கியிருக்கலாமே என்று அவர் மீதும் பாய்ந்தேன். பாய்ந்து என்ன ஆகப்போகிறது? அந்த மனுஷனுக்கு மூன்று மாதமாக வேளைக்குப் பத்து என்று நான்தான் எதிரில் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறேன். நாலு பேர் நடுவில் கையை வேறு மோந்து பார்த்திருக்கிறேன்.

அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். குனிந்து, விரலில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கதிர்கள் பால்பிடித்து நின்றன. அத்தனையையும் அடியோடு வெட்டிச் சாய்த்தேன். ரோந்து போன சார்ஜன்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். எதற்காக அன்றைக்கு அத்தனை சண்டை போட்டாள், எதற்காக இன்றைக்கு அவளே வெட்டுகிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்காது. கதிர்களைக் கூடையில் அள்ளி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் என் தப்புத்தான்," என்றேன். அவள் கதிர்களைப் பிள்ளைகளுக்கு அவித்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து, "அக்கா, உப்பு இருக்கா?" என்று என் வாசலில் வந்து நின்றாள். அவள் வீட்டில் உப்பு இருந்தது எனக்குத் தெரியும்.

பங்களாவுக்கு வாரம் ஒருமுறை லோரியில் கோஸ் வரும். உள்ளே வெள்ளையாக இருப்பதுதான் மேசைக்குப் போகும், வெளியே பச்சையாக இருக்கிற பெரிய இலைகளைக் கோழிக்குப் போடுவோம். அந்த இலைகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் துவண்டுவிடும், நடுநரம்பை மட்டும் கத்தியால் சீவிவிட்டால் ரொட்டிபோலவே மடங்கும். உள்ளே வைப்பதற்கு என்ன வேண்டுமானாலும் ஆகும். ஒருநாள் முட்டையை வெங்காயம் மிளகாயோடு கொத்தி வைப்பேன். ஒருநாள் ஓட்டை போட்ட டின் சார்டினைத் தக்காளியோடு வதக்கி வைப்பேன். கோழி கிடைத்தால் பிய்த்துப்போட்டு எலுமிச்சை பிழிந்துவிடுவேன். பயறு இரண்டே கரண்டி, அதற்கு மேல் கிடையாது. மேலே அந்த வெண்ணெய்ப்பழம் மசித்தது ஒரு கை. அது வயிற்றை நிறைத்துவிடும், வௌவாலுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. துரையம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வியாதியை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்டாள். நானும் ரொட்டியைப் பற்றி அதையேதான் அவளைக் கேட்க நினைத்தேன். கேட்டு யாரைத் திட்டுவது?

சுண்டுவிரல் தப்பவில்லை. அது முன்பே கறுத்துவிட்டது. டிரெசர் சொல்லைத் தட்டாமல் இந்தத் தடவை அவரே லோரியில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலை எடுத்தார்கள். மற்ற நாலு விரலும் பாதமும் நன்றாக இருக்கின்றன, சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை என்று அங்கே டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை அது.

திரும்பி வந்த பிறகு கோஸ் இலைதான். குழாய் முதலில் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. அடுத்த தடவை மஞ்சள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பச்சைக்கு மேல் போகவில்லை. டிரெசர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். அடுத்த நாளிலிருந்து மரம் சீவப் போகலாம் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் இலையில் சுருட்டி இரண்டு வைத்தேன். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அந்தப் பைப்படிச் சண்டைக்குப் பிறகு அவர் எதிரில் உட்கார எனக்கு முகம் இல்லை. வைப்பேன், நகர்ந்துவிடுவேன். அன்றைக்குத்தான் சொல்லிவிட வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அங்கிருந்தே சொன்னேன்.

"ஒங்க வெரலு என்னாலதான் போச்சு."

அவர் தின்பதை நிறுத்தினார்.

"மூணு ரொட்டிக்கு மேல எனக்கு எறங்கவே இல்ல புள்ள," என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அப்பறம் ஏன் பத்துத் தின்னீங்க? போதும்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"போதும்னு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவ. கல்யாணமாகி ஆறு வருசத்துல நீ பங்களாவுக்கு ஓடுவ, நான் மரத்துக்கு ஓடுவேன். எஞ்சோத்துக்கு எதிர ஒருநாளும் நீ உக்காந்ததில்ல. அப்பத்தான் உக்காந்த."

நான் அடுப்படியிலிருந்து வந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்தேன். தட்டில் இருந்தது இரண்டே இரண்டுதான். அதை அவர் வெகுநேரம் மென்று தின்றார், முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.